மோர்க்காரி மண்டபம்

மருதந்துறைக்கு எந்த ராஜாவும் வந்ததில்லை. வழி தவறி வந்திருந்தாலும் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நேரே குற்றாலத்துக்குப் போயிருப்பார். அங்கே அருவி இருக்கிறது. தென்காசியில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கோபுரம் இருக்கிறது. இலஞ்சியில் முருகன் இருக்கிறார், ஆய்க்குடியில் இன்னொரு முருகன் இருக்கிறார். மருதந்துறையில் என்ன இருக்கிறது? சிற்றாறு இருக்கிறது. அதுவும் இவர்களுக்கென்று தனியாக ஓடவில்லை, போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

இது ஒரு குறை என்று ஊரில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. சங்கிலிப்பாண்டிக்கு மட்டும் தோன்றியது. அவர் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். முகாமில் ராஜஸ்தான்காரன் தன் ஊர்க் கோட்டையைப் பற்றிப் பேசுவான், ஒரிசாக்காரன் கோயிலைப் பற்றிப் பேசுவான். "உன் ஊரில் என்ன?" என்று இவரைக் கேட்டால், "குற்றாலம் பக்கம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அடுத்த ஊர் அருவியைச் சொல்லியே சர்வீஸ் முழுவதையும் ஓட்டினோமே என்ற வருத்தம் ஊருக்கு வந்த பிறகும் அவரை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் மகள் நிவேதா இத்தாலியில் இருந்து போட்டோக்கள் அனுப்பினாள். அவள் மேல்படிப்புக்குப் போயிருந்தாள். விடுமுறையில் சிநேகிதிகளோடு ஒரு சின்ன ஊருக்குப் போனாளாம். ஆற்றங்கரை ஊர். பல நூறு வருஷம் பழையது. கல்பாலம், மணிக்கூண்டு, துணி துவைக்கிற கல்தொட்டி, ஒரு கிணறு, இவ்வளவுதான் ஊரே. "நம்ம மேலத்தெரு அளவு கூட இல்லப்பா" என்று குரல் செய்தியும் கூடவே வந்தது.

சங்கிலிப்பாண்டி போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பாலத்தையோ மணிக்கூண்டையோ அல்ல. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன நீல போர்டு இருந்தது. அதைத்தான் பார்த்தார்.

"நிர்மலா, இங்கன வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இதப் பாரு. கெணத்துக்குப் போர்டு. வத்திப்போன கெணத்துக்கு வச்சிருக்கானுவ போர்டு!"

நிர்மலாதேவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இங்கன போர்டு வச்சா ஆடு வந்து முதுகைத் தேய்க்கும்" என்றாள்.

அவர் கேட்கிற நிலையில் இல்லை. மறுநாளே ஊரைச் சுற்றிவந்தார். போர்டு வைக்கிற தகுதியோடு என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால், இத்தாலிக்குக் கொஞ்சமும் குறைவில்லை. ஆற்றுக்குள் ஆனை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை. அதற்கு ஆனைக்கல் என்று பெயர். படி உடைந்த படித்துறை. எந்தக் காலத்திலோ வெள்ளத்தில் போன கல்லணையின் மிச்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றங்கரைப் பாதையில் எட்டுத் தூண் கல்மண்டபம்.

அந்த மண்டபத்துக்கு ஊரில் ஒரே பெயர்தான். மோர்க்காரி மண்டபம்.

பங்குனி உத்திரத்துக்கு ஊர் ஊராகச் சனங்கள் தங்கள் குலசாமியான சாஸ்தாவைப் பார்க்கப் போகும். மலையடிவாரத்துச் சாஸ்தா கோயிலுக்குப் போகிற பாதை மருதந்துறை வழியாகத்தான். முற்காலத்தில் அந்தப் பாதையில் ஒருத்தி மோர் விற்றாளாம். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு உத்திரத்தன்று வெயில் தாங்காமல் ஒரு பிள்ளைத்தாய்ச்சி அவள் கண்முன்னாலேயே விழுந்து செத்துப்போனாள். ஒதுங்க ஒரு நிழல் இல்லை. அதற்குப் பிறகு மோர்க்காரி தன் ஆயுசு முழுவதும் மோர் விற்றுச் சேர்த்து இந்த மண்டபத்தைக் கட்டினாள். உத்திரத்தன்று மட்டும் மோரைச் சும்மா கொடுத்தாள். அவளுக்குப் பிறகு அவள் தம்பி வீட்டார் அந்தத் தருமத்தை விடாமல் செய்தார்கள். அதிலும் ஒரு முறை உண்டு. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் கையால்தான் மோர் ஊற்ற வேண்டும். குடிக்கிறவர் கடைசி மடக்கைக் குடிக்காமல் முதல் தூணின் காலடியில் ஊற்றிவிட்டுப் போக வேண்டும். அது மோர்க்காரிக்கு.

இப்போது அந்த வீட்டு மருமகள் ஆவுடைத்தாய். கீழத்தெருவில் ரெண்டு பசுமாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். அவளுக்கு முன்னால் ஊற்றியது அவள் மாமியார் தங்கத்தாய். சங்கிலிப்பாண்டி முதன்முதலாகப் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்றும் உத்திரம்தான். பெட்டியோடு பஸ்ஸுக்குப் போனவரைத் தங்கத்தாய் நிறுத்தி, "தூரம் போற பிள்ள, ரெண்டு செம்பு குடி" என்று ஊற்றினாள். அவர் ரெண்டாவது செம்பின் கடைசி மடக்கைத் தூணடியில் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினார். இதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகவே ஞாபகம் இருந்தது.

தென்காசியில் ஆசிப் கடையில்தான் போர்டு அடிக்கக் கொடுத்தார். ஆசிப் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டினான். ஆனைக்கல், சரி. படித்துறை, சரி. கல்லணை, சரி.

"அடுத்தது மோர்க்காரி மண்டபம்தான அண்ணாச்சி?"

சங்கிலிப்பாண்டிக்கு அங்கேதான் இடறியது. கோட்டைக்காரனும் கோயில்காரனும் அவர் மனசுக்குள் வந்து வரிசையாக நின்றார்கள். மோர்க்காரி! கேட்டால் சிரிக்க மாட்டானா?

"மோர்க்காரின்னா சந்தைக்கடை மாதிரில்லா இருக்கு" என்றார். "பாண்டிய மன்னர் தம் படையுடன் சென்றபோது இளைப்பாறக் கட்டிய மண்டபம். இப்படிப் போடு."

"எந்தப் பாண்டியரு?"

"ஏதோ ஒரு பாண்டியரு. இந்தப் பக்கம் பூரா அவங்க ஆண்ட பூமிதானலே. ஒருத்தரு கூடவா இங்கன உக்காந்திருக்க மாட்டாரு?"

ஆசிப் சிரித்துக்கொண்டே அடித்தான். "உங்க தாத்தாவா இருக்கும் அண்ணாச்சி" என்றான். சங்கிலிப்பாண்டியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அந்தக் காரியம் முடிந்தது. பொய் சொல்கிறோம் என்கிற உறுத்தல்கூட அப்போது அவருக்கு இல்லை. ஊருக்கு ஒரு நல்ல சட்டை தைத்துப் போட்டதாகத்தான் நினைத்தார்.

சாரல் தொடங்கி, சீசன் வந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிற கார்கள் நீல போர்டைப் பார்த்து நின்றன. யாரோ ஒரு பையன் மண்டபத்தை வீடியோ எடுத்து, பின்னால் முரசு சத்தம் சேர்த்து, இன்ஸ்டாகிராமில் விட்டான். அதற்குப் பிறகு கூட்டம்தான். போன் மேப்பில் 'பாண்டியர் மண்டபம்' என்றே வந்துவிட்டது. எதிரே ஒரு டீக்கடை முளைத்தது, பாண்டியன் டீ ஸ்டால். வெளியூர்க்காரர்கள் தூணைத் தடவிப் பார்த்து, "அந்தக் காலத்து ராஜாக்கள் ராஜாக்கள்தான்" என்று பெருமூச்சு விட்டார்கள். சங்கிலிப்பாண்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தினமும் அங்கே போய் நிற்பார். விளக்கம் சொல்வார். சொல்லச் சொல்ல ராஜாவுக்கு ஒரு குதிரை வந்தது, பிறகு ஒரு ராணியும் வந்தாள்.

ஆவுடைத்தாய் பால் கேனோடு அந்த வழியாகத்தான் போவாள். போர்டைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்டதில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. விழாக்குழுத் தலைவர் பெயர் கடற்கரை. குத்துக்கல்வலசையில் பிளாட் போட்டு விற்கிறவர். எதைச் செய்தாலும் பெரிதாகச் செய்து பழக்கம். மண்டபத்துக்கு முன்னால் பந்தல், சீரியல் விளக்கு, ஐஸ் பெட்டிகள், அதற்குள் பாக்கெட் மோர். வழிநெடுக உபயதாரர்கள் படம் போட்ட பேனர். நடுவில் கிரீடம் வைத்த ஒரு பாண்டிய ராஜா. ராஜாவின் முகம் ஏதோ நகைக்கடை விளம்பரத்தில் இருந்து எடுத்தது போலிருந்தது.

ஆவுடைத்தாய் காலையில் மண்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பானையைச் சுற்றி ஈரத்துணி. நாரத்தை இலையும் இஞ்சியும் கலந்த வாசம் முன்னால் வந்தது. அவள் மகனுக்குப் போன மாசிதான் கல்யாணம் ஆகியிருந்தது. புது மருமகளைக் கூடவே அழைத்து வந்திருந்தாள். இந்த வருஷம் முதல் செம்பைத் தான் ஊற்றி, அடுத்ததை அவள் கையில் கொடுப்பதாக ஏற்பாடு.

"ஆவுடையக்கா, பானையை அங்கன ஓரமா வச்சுக்கிடுங்க" என்றார் கடற்கரை. "மண்டபத்துக்குள்ள இந்த வருஷம் கமிட்டி ஊத்துது."

"முதல் தூண்கிட்ட வச்சுத்தான ஊத்தணும் தம்பி?"

"அது அப்போ. இது ராஜா கட்டுன மண்டபம்லா. ராஜா சொத்துன்னா ஊருக்குப் பொது. ஒரு வீட்டுக்காரங்க மட்டும் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்? நாளைக்கு நாலு பேரு கேப்பான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. சுற்றிலும் பார்த்தாள். பந்தலுக்குள் தென்காசியில் இருந்து வந்த விருந்தாளிகளுக்கு நடுவில் சங்கிலிப்பாண்டி நின்றுகொண்டிருந்தார். தோளில் பொன்னாடை. சற்று முன்புதான் போர்த்தியிருந்தார்கள். ஆவுடைத்தாய் பானையோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியும்லா. இது யாரு கட்டுன மண்டபம்?"

விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். கடற்கரை பார்த்தார். புது மருமகள் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. மோர்க்காரி என்ற அந்த ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது என்று பின்னால் அவரே மனைவியிடம் சொன்னார். வந்து என்ன பிரயோஜனம்?

"போர்டுல போட்டிருக்குல்லா ஆவுடை" என்றார் சங்கிலிப்பாண்டி.

அவள் சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். மருமகளைக் கூப்பிட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள். பானையை இறக்கக்கூட இல்லை. அன்று ஆயிரம் பேருக்கு மேல் மோர் குடித்தார்கள். பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்து, உறிஞ்சிவிட்டு, ஆற்றில் போட்டார்கள். தூணடி நனையவே இல்லை.

சங்கிலிப்பாண்டிக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நிர்மலாதேவி ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவளும் கூட்டத்தில்தான் நின்றிருந்தாள்.

நாள் போகப் போக மனசு ஆறிவிடும் என்று நினைத்தார். ஓரளவுக்கு ஆறவும் செய்தது. சித்திரையில் மகள் வீடியோ காலில் வந்தபோது, உற்சாகமாகவே அவளுக்கு ஊரைக் காட்டினார். போனைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை முழுவதும் நடந்தார்.

"பாத்தியா மக்ளே, உன் இத்தாலி ஊரு மாதிரியே ஆக்கிட்டேன். அந்தப் பாலத்து போர்டைப் பாத்துத்தான் இதே நீலத்துல அடிச்சேன்."

நிவேதா போர்டைப் படித்தாள். இன்னும் கிட்டக் காட்டச் சொல்லி மறுபடியும் படித்தாள். 

"அப்பா, அந்தப் பாலத்து போர்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"அந்த ஊரு ராஜா கட்டுனாருன்னு போட்டிருப்பான்."

"இல்லப்பா. மாவு அரைச்சு வித்த ஒரு பொம்பள கட்டினாளாம். வெள்ளத்துல அவ மகன் போயிட்டான். அதுக்கப்புறம் வேற யாரு பிள்ளையும் போகக் கூடாதுன்னு கட்டினாளாம். அவ பேருகூட யாருக்கும் தெரியாது. 'மாவுக்காரி பாலம்'னுதான் போட்டிருக்கு. அதைப் படிச்சதும் எனக்கு நம்ம மோர்க்காரி ஞாபகம் வந்திட்டு. அழுகையே வந்திட்டு. அதுக்காகத்தான்ப்பா உங்களுக்கு அந்த போட்டோவே அனுப்பினேன்."

சங்கிலிப்பாண்டி பாண்டியன் டீ ஸ்டால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எங்கேயோ கண்காணாத ஊர்க்காரன் தன் மாவுக்காரியைப் போர்டில் போட்டு வைத்திருக்கிறான், ஊர் ஊராக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவன் சிரிக்கவில்லை. பார்க்க வந்தவனும் சிரிக்கவில்லை. இவர்தான் போர்டின் நிறத்தை மட்டும் பார்த்தார். எழுத்தை என்னவென்று கேட்கவில்லை. மகள் மேல் கோபம் வந்தது. அப்போதே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று. பிறகு அந்தக் கோபமும் சுற்றிக்கொண்டு அவரிடமே வந்தது.

அடுத்த வாரமே ஆசிப் கடையில் புது போர்டு அடித்தார். மோர்க்காரி மண்டபம். கதை முழுவதையும் போடச் சொன்னார், தூணடியில் ஊற்றுகிற வழக்கம் வரைக்கும். பழைய போர்டைத் தன் கையாலேயே கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். சாயங்காலத்துக்குள் புதுப் போர்டைக் காணோம். பழையது திரும்ப ஏறியிருந்தது. இந்தத் தடவை சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள்.

கடற்கரை வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏன் அண்ணாச்சி, ஊரு மானத்த நீங்களே வாங்குதிய? பாண்டியரு பேரைச் சொல்லித்தான் நாலு காரு நிக்குது. எங்க லேஅவுட்டுக்கே பாண்டியன் நகர்னு பேரு வச்சாச்சு."

"கடற்கரை, அந்த ராஜா கதையை நான் ஆசிப் கடையில உக்காந்து கட்டினேன். சத்தியமாச் சொல்லுதேன். ராஜாவும் கெடையாது, ஒரு கூஜாவும் கெடையாது."

கடற்கரை அவரை மரியாதையோடு பார்த்தார். "உங்க அடக்கம்தான் அண்ணாச்சி உங்களுக்கு அழகு" என்றார்.

அதன் பிறகு அவர் யாரிடம் சொல்லவில்லை? டீக்கடையில் சொன்னார், பஸ் ஸ்டாப்பில் சொன்னார், மண்டபத்துக்கு வந்த வெளியூர்க்காரர்களிடம் சொன்னார். டீக்கடைக்காரன், "கமிட்டியோட ஏதோ மனத்தாங்கல் போலுக்கு" என்றான். வெளியூர்க்காரர்கள் போனைக் காட்டி, "இதுல போட்டிருக்கே சார்" என்றார்கள். அவர் உண்டாக்கிய ராஜா அவரை விடப் பெரிய ஆளாகிவிட்டார். பொய்யாகச் சொன்னபோது பொன்னாடை போட்டார்கள். உள்ளதைச் சொன்னபோது, வயசாகிவிட்டது என்றார்கள்.

"ஊரெல்லாம் சொல்லியாச்சு. சொல்ல வேண்டிய வீட்டுக்குப் போனியளா?" என்று நிர்மலாதேவி கேட்டாள்.

போகவில்லை. அந்த வாசலில் போய் நிற்பதற்கு அவருக்குத் துணிச்சல் வரவில்லை. சீசன் போனது, ஐப்பசி மழை போனது, தை போனது. ஆவுடைத்தாய் எதிரே வந்தால் அவர் முந்திக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிடுவார். எல்லையில் நின்ற மனுஷன், பால் கேனோடு வருகிற ஒருத்தியைக் கண்டு ஒளிந்தார்.

மறு பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் கடைசியில் கிளம்பினார். இன்னும் ஒரு வருஷம் தப்பிப்போனால் அந்தத் தருமம் அப்படியே நின்றுவிடும் என்ற பயம்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. ஆவுடைத்தாயைக் கையோடு கூட்டிப்போய் முதல் தூணடியில் பானையை இறக்கி வைக்க வேண்டும். கடற்கரை என்ன சொன்னாலும் சரி, பக்கத்தில் தான் நிற்க வேண்டும். முதல் செம்பைத் தானே வாங்கிக் குடிக்க வேண்டும். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு கீழத்தெருவுக்குள் நுழைந்தார்.

ஆவுடைத்தாய் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். "வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. ஏட்டி, அண்ணாச்சிக்குச் சேர் எடுத்துப் போடு" என்று மருமகளிடம் சொன்னாள். முகத்தில் கோபம் என்று ஒரு துளி இல்லை. அவர் எதிர்பார்த்து வந்தது அந்தக் கோபத்தைத்தான்.

சுவரில் தங்கத்தாயின் படம் மாலையோடு இருந்தது. மோருக்கு உறை ஊற்றிய பானையோ சட்டியோ எங்கும் தென்படவில்லை.

"நாளைக்கு உத்திரம்லா ஆவுடை" என்று ஆரம்பித்தார்.

"ஆமா அண்ணாச்சி." அவள் தயங்கினாள். "நானே உங்களப் பாத்து ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். என்னைக் கண்டா நீங்க வேற பக்கமா போயிருதிய. எங்க மேல வருத்தம் இருக்கும்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. வருத்தம் இருக்கத்தான் செய்யும்."

"எனக்கு என்ன வருத்தம்?"

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால உங்களக் கேள்வி கேட்டுட்டேன்லா. அது தப்பு. வீட்டுக்கு வந்து ரொம்ப நாளு யோசிச்சேன். எங்க கிட்ட என்ன இருக்கு? ஒரு கல்வெட்டா, பட்டயமா? அத்த சொன்னா. அத்தைக்கு அவ அத்த சொன்னா. மோர் வித்த காசுல எட்டுத் தூணு மண்டபம் கட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்க. ராஜா கட்டினதத்தான் எங்க ஆளுங்க எங்கதுன்னு சொல்லித் திரிஞ்சிருக்காவ. என் மருமககிட்டயும் சொல்லிட்டேன், இனிமே அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு."

சங்கிலிப்பாண்டி எழுந்து நின்றுவிட்டார். "ஆவுடை, நான் பொய் எழுதினேன். ராஜாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆசிப் கடையில உக்காந்து நான் இட்டுக்கட்டினது. உங்க அத்த சொன்னதுதான் நெசம். உங்க அத்த கையால நான் மோர் குடிச்சிருக்கேன்."

அவள் பதறிப்போனாள். "நீங்க எதுக்கு அண்ணாச்சி பொய் எழுதப் போறிய? நாலு ஊரு பாத்தவிய, படிச்சவிய. எங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இப்படிச் சொல்லுதிய. உங்க நல்ல மனசு யாருக்கு வரும்?"

"சத்தியம் ஆவுடை. என் மக மேல சத்தியம்."

"அய்யய்யோ, பிள்ள மேலயெல்லாம் சத்தியம் பண்ணாதிய." அவள் திரும்பி மாமியார் படத்தைப் பார்த்தாள். முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். "முதல்ல எனக்கு இவ மேலதான் கோவம் வந்துச்சு. இத்தன வருசம் என்னை நம்ப வச்சு அடுத்தவங்க புண்ணியத்துல மோர் ஊத்த வச்சிட்டாளேன்னு. பெறவு யோசிச்சேன். பாவம், அவளும் யாரோ சொன்ன பொய்ய நம்பியிருப்பா. நான் அவள மன்னிச்சிட்டேன் அண்ணாச்சி."

சங்கிலிப்பாண்டி தங்கத்தாயின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது. அவர் அழுவதைப் பார்த்து ஆவுடைத்தாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணாச்சி தங்களை மன்னித்துவிட்டார் என்று மருமகளிடம் சொன்னாள்.